மேளத்தின் பின்னால் போனவர்கள்

திருவிழாவுக்கு வாசிக்க வந்த நாதஸ்வரச் செட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பும்போது அதன் பின்னாலேயே கிளம்பிவிடும் ரசிகர்கள் தென்காசிச் சீமையில் ஒரு காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1960கள் வரை இந்த வழக்கம் செழித்திருந்தது. நாதஸ்வரத்துக்குப் போனது போலவே நாடகத்துக்கும் காவடிக்கும் கந்தூரிக்கும் போனார்கள். இவர்களை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை; பலருக்குச் சாமியிடம் தீர்க்க வேண்டிய நேர்ச்சையும் கிடையாது. இன்ன வித்வான் இன்றைக்கு இன்ன ஊரில் வாசிக்கிறார் என்ற சேதி ஒன்றே போதுமாக இருந்தது.

இந்த வழக்கத்துக்கு வாகான இடத்தில் இருந்தது கடையநல்லூர். மதுரையிலிருந்து கொல்லம் போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கருப்பாநதிப் பாசனத்தில் நெல்லும் வீட்டுக்கு வீடு கைத்தறியுமாக இருந்த ஊர் இது. தெற்கே சுமார் 17 கிலோமீட்டரில் தென்காசி; அதைத் தாண்டி 5 கிலோமீட்டரில் குற்றாலம். பண்பொழி திருமலை முருகன் கோவில், இலஞ்சிக் குமாரர் கோவில், செங்கோட்டை எல்லாம் ஒரு பகல் நடையில் அடங்கிவிடும். கிழக்கே சங்கரன்கோவில் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாயங்காலம் வண்டி பூட்டினால் விடிவதற்குள் போய்ச் சேரலாம். இந்த வட்டத்துக்குள் வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு கொடி ஏறிக்கொண்டிருந்தது. மாசி மகத்துக்குத் தென்காசி, பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை, சித்திரை விசுவுக்குக் குற்றாலம், ஆனித் தேருக்குத் திருநெல்வேலி, ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில், ஐப்பசி விசுவுக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மறுபடி குற்றாலம். நடுநடுவே கிராமத்து அம்மன் கோவில் கொடைகள். அவற்றில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் விடிய விடிய நடந்தன. ரசிகனின் பயணத் திட்டத்தைப் பஞ்சாங்கமே போட்டுக் கொடுத்துவிடும்.

பாட்டோடு சேர்ந்து கூட்டம் நடப்பதற்கு இந்தப் பக்கத்தில் கிடைக்கும் தெளிவான பழைய சான்று காவடிச் சிந்து. சங்கரன்கோவிலுக்கு அருகே சென்னிகுளத்தில் 1865இல் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனபோது வழிநடைக்கென்று பாடப்பட்டவையே அந்தச் சிந்துகள் என்று சொல்லப்படுகிறது. நடக்கிற காலுக்கு ஒத்த தாளம், கூட்டம் வாங்கிப் பாடுவதற்கு ஏற்ற மடக்குகள், மூச்சு வாங்க இடம் கொடுக்கும் நிறுத்தங்கள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. உட்கார்ந்து கேட்பவனுக்காகக் கட்டிய பாட்டாக அது தெரியவில்லை. ரெட்டியார் 1891இல், இருபத்தாறு வயதில் இறந்துபோனார். அவருடைய மெட்டுகள் காவடிக்காரர்களிடமிருந்து நாடக மேடைக்கும் அங்கிருந்து நாதஸ்வரத்துக்கும் போய்ச் சேர்ந்தன. இரவு முழுக்க ராகம் வாசித்த வித்வான் விடியும் நேரத்தில் ஒரு காவடிச் சிந்தை எடுத்தால், அதுவரை சும்மா நின்ற கூட்டமும் அசைய ஆரம்பிக்கும்.

ஜமீன் காவடியில் ரசிகன் இருந்தான் என்றாலும் அவன் இன்னும் பரிவாரத்தில் ஒருவன்தான். தன் இஷ்டத்துக்குப் போகிற ரசிகனை உண்டாக்கியதில் ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கும் அங்கிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்கும் 1900களின் தொடக்கத்தில் ரயில் ஓட ஆரம்பித்தது. விருதுநகரிலிருந்து ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்பக்கோவில் சந்தை, கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்கு வந்த பாதை 1927இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆடித் தபசுக்குப் போகக் கட்டுச்சோறும் மாட்டுவண்டியும் தேவைப்பட்டன. அதற்குப் பின் சாயங்காலம் தறியை விட்டு எழுந்தவன் இரவு ரத வீதியில் நிற்க முடிந்தது.

அந்த வருஷங்களில் ரயில் ஏறிப் போனவர்களில் ஒரு பெரும்பகுதி நாடக ரசிகர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள் அப்போது தமிழ்நாடு முழுக்க நடந்துகொண்டிருந்தன. அவற்றை ஸ்பெஷல் நாடகமாக நடத்தும் முறை வந்தபிறகு, ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் பபூன் மூன்றாவது ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகை எதுவும் இல்லாமல் அன்றிரவே மேடை ஏறுவார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம். அதற்கு மேல் வாக்குவாதம், கேலி, எதிர்ப்பாட்டு எல்லாம் மேடையில் பிறக்கிறவை. வள்ளி திருமணத்தில் வள்ளியும் வேடனாக வந்த முருகனும் தர்க்கம் பண்ணும் கட்டம் ஒரு நாள் அரை மணியில் முடியும். எதிரெதிரே சரியான ஜோடி அமைந்துவிட்டால் விடிகிற வரைக்கும் போகும். அதனால் நோட்டீஸில் ரசிகன் முதலில் தேடுவது நாடகத்தின் பெயரை அல்ல. இன்றைக்கு யாருக்கு யார் ஜோடி என்பதையே பார்ப்பான்.

இந்த ரசிகர்கள் கொண்டாடியவர்களில் தலையானவர் இந்தச் சீமைக்காரர்தான். செங்கோட்டை கங்காதர ஐயரின் மகன் எஸ். ஜி. கிட்டப்பா 1906இல் பிறந்து, சிறு வயதிலேயே மேடை ஏறியவர். கன்னையா கம்பெனியில் நடித்துப் பேர் வாங்கியபின் இலங்கைக்குப் போன இடத்தில் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளோடு சேர்ந்து நடித்தார். 1927இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். ஒலிபெருக்கி புழக்கத்துக்கு வராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் இருப்பவனுக்கும் எட்டும்படி மேல் ஸ்தாயியில் நின்று பாடிய குரல் கிட்டப்பாவுடையது. அவருடைய இசைத்தட்டுகள் ஊரெல்லாம் விற்றன. ஆனால் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சம்தான் கிடைக்கும். அதே பாட்டை மேடையில் அவர் எவ்வளவு நேரம் விரிப்பார், சுந்தராம்பாள் எந்த இடத்தில் பதில் எடுப்பார் என்பதைக் கேட்க வேண்டுமானால் நேரில் போகத்தான் வேண்டும். கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று, 27 வயதில் காலமானார். இந்த வழக்கத்தின் வரலாற்றில் அற்பாயுசுக்காரர்கள் அதிகம் என்பது கவனிக்கத்தக்கது.

நாடகத்துக்கு டிக்கெட் உண்டு. தரை, பெஞ்சு, நாற்காலி என்று தரம் உண்டு. சாமி புறப்பாட்டில் வாசிக்கும் நாதஸ்வரத்துக்கு அதெல்லாம் இல்லை. வீதியில் இடம் பிடித்தவன் கேட்கலாம். இந்த வழக்கம் தன் முழு அளவுக்கு வளர்ந்ததும் நாதஸ்வரத்திலேதான்.

திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ சாதிக்கோ கடைத்தெருவுக்கோ உரிய மண்டகப்படி. அன்றைய அலங்காரம், தளிகை, வாணவேடிக்கை, மேளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. உள்ளூர்க் கோவில் மேளம் எப்போதும் இருக்கும். அதற்கு மேல் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து பெரிய செட்டைக் கொண்டுவருவதில் மண்டகப்படிக்காரர்களுக்குள் போட்டி. நாலாம் திருநாளுக்கு அவர்கள் ஒரு வித்வானைக் கூப்பிட்டால் ஏழாம் திருநாளுக்கு இவர்கள் அவரைவிடப் பெரியவரைக் கூப்பிட வேண்டும். பக்தியில் பிறந்த போட்டி என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வீம்பில்லாமல் இத்தனை பெரிய வித்வான்கள் பொருநைக் கரைக்கும் மலையடிவாரத்துக்கும் இத்தனை முறை வந்திருக்கவும் மாட்டார்கள். நாள்வாரியாக மேளக்காரர் பெயர் போட்ட நோட்டீஸ் அச்சாகி வந்ததும் சந்தைக்குப் போகிறவர்கள் மூலமாகச் சேதி பரவும்.

புறப்பாடு இரவு பத்து மணிக்கு மேல் கிளம்பும். முதலில் மல்லாரி. கம்பீர நாட்டையில், சொல் இல்லாத, தவிலின் கணக்கோடு பின்னிய உருப்படி அது. சாமி வாசலைத் தாண்டுகிறது என்பதை ஊருக்கு அறிவிப்பதும் அதுதான். பிறகு ராகம். வாகனம் மெதுவாக நகர, காஸ் லைட் வெளிச்சத்தில் இரண்டு நாதஸ்வரமும் இரண்டு தவிலும் ஒத்தும் தாளமுமாக மேளம் முன்னால் போகும். ஒவ்வொரு ரத வீதி முக்கிலும் சாமி நிற்கும். அந்த முக்குகள்தான் ரசிகர்களின் களம். வித்வானுக்கு மனசு இருந்தால் ஒரே முக்கில் தோடியோ கரகரப்பிரியாவோ ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். சாமியைத் தூக்கிவந்தவர்கள் தாங்குகட்டையை ஊன்றிவிட்டு அவர்களும் கேட்பார்கள். கீர்த்தனை, பல்லவி, தவில் தனி என்று போய், விடியற்காலம் பூபாளமோ பிலஹரியோ வரும்போது சாமி கோவில் வாசலுக்குத் திரும்பியிருக்கும். விஷயம் தெரிந்த ரசிகன் நாலு வீதியும் கூடவே நடக்க மாட்டான். எந்த முக்கில் கூட்டம் நெருக்காது, எந்த இடத்தில் வித்வான் விஸ்தாரமாக எடுப்பார் என்று கணக்குப் போட்டுத் திண்ணை ஒன்றில் போய் உட்கார்ந்திருப்பான்.

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) காலத்தில் இந்தக் கணக்கு முற்றிலும் வேறாகிவிட்டது. உரத்துக் கூவும் திமிரி நாதஸ்வரத்தின் இடத்தில் நீளமான, சுருதி குறைந்த பாரி நாதஸ்வரத்தை அவர் நிலைபெறச் செய்தார். நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரி அதற்கான கருவியைச் செய்து கொடுத்தார். குரலால் பாடுகிறவர்கள் காட்டும் நெளிவும் குழைவும் வாத்தியத்தில் வந்தன. அவருடைய தோடி ராக இசைத்தட்டு பேர் பெற்றது. தட்டைக் கேட்டவர்கள் நேரில் கேட்க அலைந்தார்கள். தாமதமாக வருவதும், வந்தபின் மனசு சரியில்லை என்று சுருக்கமாக முடிப்பதும், சில நாள் வராமலே போய்விடுவதுமாக அவரைப் பற்றிய கதைகள் ஏராளம். அப்படி ஏமாந்து திரும்பியவர்கள் அடுத்த திருவிழாவுக்கும் போனார்கள் என்பதும் அந்தக் கதைகளிலேயே இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமை தனக்கென்று ஒரு வித்வானைப் பெற்றது அவருடைய சீடர் மூலமாக. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் காருகுறிச்சியில் 1921இல் பிறந்த அருணாசலம், ராஜரத்தினம் பிள்ளையிடம் சேர்ந்து அவருக்கு இரண்டாவது நாதஸ்வரமாகப் பல வருஷம் வாசித்துவிட்டுத் தனிச் செட்டு வைத்தவர், கோவில்பட்டியில் குடியேறினார். குருவின் பாணியைத் தன்னுடையதாக்கிக் கொண்டார். அதில் இன்னும் கொஞ்சம் கனிவு கூடியது என்று அவருடைய ரசிகர்கள் சொல்வதுண்டு. தஞ்சாவூர்க்காரர் வருஷத்துக்கு ஒரு முறை வருவார். காருகுறிச்சியாரோ கூப்பிடு தூரத்தில் இருந்தார். கல்யாணமானாலும் கும்பாபிஷேகமானாலும் பந்தலில் அவர் வாசிக்கிறார் என்றால், பெண் வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் தெரியாதவர்கள் வீதி நிறைய நின்றார்கள். 1962இல் வெளியான ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ‘சிங்கார வேலனே’ பாட்டுக்கு எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாதஸ்வரம் சேர்ந்தது. அதன்பின் சங்கீதமே தெரியாத வீடுகளிலும் அவர் பெயர் தெரிந்தது. ஆனால் அந்தப் புகழை அனுபவிக்க அவருக்கு இரண்டு வருஷம்தான் கிடைத்தது. 1964 ஏப்ரலில் இறந்தார்.

கோவில்பட்டி வட்டாரத்தில் இந்த ரசனைக்கு எழுத்தாளர்களின் சாட்சியமும் கிடைத்தது தமிழுக்கு நேர்ந்த அதிர்ஷ்டம். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் எழுதத் தொடங்குவதற்கு முன்பிருந்தே இசைப் பைத்தியங்கள். விளாத்திகுளம் சுவாமிகள் என்ற நல்லப்ப சுவாமிகளை (1889–1965) அவர்கள் விடாமல் கேட்டவர்கள். சுவாமிகள் சபைகளின் பாடகரல்லர். சாகித்தியத்தைவிட ராகத்தையே மணிக்கணக்காக விரித்துப் பாடுகிறவர். அப்படிப்பட்டவரைக் கேட்க ஒரே வழி அவர் இருக்கும் இடத்துக்குப் போய், அவர் பாட ஆரம்பிக்கும் வரை காத்திருப்பது.

குற்றாலத்தில் நடந்தது கொஞ்சம் வசதியான வகை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான சாரல் காலத்தில் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் குளிக்க வந்தவர்களோடு வித்வான்களும் வந்தார்கள். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) கடைசிக் காலத்தில் அங்கேயே தங்கியிருந்தார். ராஜாஜி, கல்கி போன்றவர்கள் அவர் வீட்டுக்கு வந்து போனார்கள். ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுபவிப்பதே அங்கே முக்கிய வேலை. எழுதியவரும் பாடியவரும் புகழ் பெறுவது எங்கும் நடப்பது. கேட்டு ரசித்ததற்காகவே ஒரு மனிதர் பட்டம் பெற்று நிலைத்தது அபூர்வம்.

இத்தனை பேர் ஒரே வித்வானை, ஒரே ராகத்தை, திரும்பத் திரும்பக் கேட்கப் போனதற்குக் காரணம் வாசிப்பின் தன்மையில் இருக்கிறது. ராக ஆலாபனைக்கு எழுதிவைத்த பாடம் கிடையாது. நேற்றுத் தென்காசியில் வந்த தோடி இன்று சங்கரன்கோவிலில் வராது. தவில்காரர் மாறினால் பல்லவியின் போக்கு மாறும். ஸ்பெஷல் நாடகத்தின் தர்க்கமும் அப்படியே. எங்கே ஒவ்வோர் இரவும் வேறாக இருக்கிறதோ அங்கே பின்தொடரும் ரசிகன் உருவாகிறான் என்பதற்கு அமெரிக்காவிலும் உதாரணம் உண்டு. 1965இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் என்ற சைகடெலிக் ராக் குழு, ஒரே பாட்டை ஒரு நாள் ஐந்து நிமிஷமும் இன்னொரு நாள் அரை மணியும் வாசித்தது. பாட்டு வரிசையும் இரவுக்கு இரவு மாறும். டெட்ஹெட்ஸ் எனப்பட்ட அதன் ரசிகர்கள் பழைய வேன்களில் ஊர் ஊராகப் பின்னால் போனார்கள். அரங்குக்கு வெளியே சாப்பாடும் சட்டையும் விற்று அடுத்த டிக்கெட்டுக்குக் காசு சேர்த்தார்கள். கச்சேரியை டேப்பில் பதிவு செய்கிறவர்களுக்கென்று 1984இல் அந்தக் குழு தனி இடமே ஒதுக்கியது. 1995இல் குழுவின் முன்னணிக் கிதார் கலைஞரான ஜெரி கார்சியா இறந்ததும் குழு கலைந்தது. தென்காசி ரசிகனிடம் டேப் இல்லை. நேற்றைய வாசிப்பை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய வாசிப்போடு ஒப்பிட்டு வாதாடுவதுதான் அவன் செய்த பதிவு. டிக்கெட் விஷயத்தில் அவன் அமெரிக்கனைவிடக் கொடுத்துவைத்தவன்.

ஆனால் வீதி எல்லோருக்கும் திறந்திருந்தது என்று எழுதினால் அது பொய். எந்தச் சாதி எந்த ரத வீதியில் போகலாம் என்பதே சண்டையாக இருந்த காலம் இது. 1895இல் கழுகுமலையில் நாடார்கள் தேரோடும் வீதியில் ஊர்வலம் போகும் உரிமையைக் கேட்டதை ஒட்டி மூண்ட கலவரத்தில் பலர் உயிரிழந்தார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் மேளத்தை வீதிக்கு வெளியே, தூரத்தில் நின்றே கேட்க முடிந்தது; சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டங்கள் வந்தது 1939இலும் 1947இலும்தான். வாசித்த இசை வேளாளர்களுக்கும் பாதி மரியாதைதான். மேல் துண்டை இடுப்பில் கட்டி நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்ற வழக்கங்களை உடைத்ததும் ராஜரத்தினம் பிள்ளையின் புகழில் ஒரு பங்கு. பெண்களுக்கு இரவுப் பயணம் கிடையாது. மேளம் தங்கள் தெருவுக்கு வரும்போது திண்ணையிலிருந்தோ ஜன்னலிலிருந்தோ கேட்டார்கள்; ஊர்விட்டு ஊர் போன ரசிகர் என்று சொன்னால் அது ஏறக்குறைய எப்போதும் ஆண்பிள்ளைதான்.

கடையநல்லூரின் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். அவர்களுக்கு இன்னொரு பயண வட்டம் இருந்தது. கடையத்தை அடுத்த பொட்டல்புதூரில் முகைதீன் ஆண்டவர் கந்தூரி. அதில் முஸ்லிம்களும் இந்துக்களும் கலந்தே கூடினார்கள். தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய ஞானி பீர் முகம்மது அப்பாவின் நினைவு நாளில், அவருடைய ஞானப்புகழ்ச்சியை இரவு முழுக்கக் கூட்டமாக அமர்ந்து பாடுவது தக்கலை வழக்கம். பிற்காலத்தில் நாகூர் இ. எம். ஹனிபா (1925–2015) மீலாது மேடைகளிலும் கல்யாணங்களிலும் திராவிட முன்னேற்றக் கழக மாநாடுகளிலும் பாடியபோது, மதப் பாட்டுக்கும் கட்சிப் பாட்டுக்கும் ஒரே கூட்டம் திரண்டது. மைக் இல்லாமலே மைதானத்தை நிறைக்கும் குரல் அது. கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் பிழைக்கப் போனவர்கள் அங்கே சங்கம் வைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கியது. ஹனிபா மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்ப் பாடினார். அங்கே ரசிகர்கள் முன்னே போயிருந்தார்கள், பாடகர் பின்னால் போனார்.

வழக்கம் தளர்ந்ததற்கு ஒரே காரணம் கிடையாது. 1948ஆம் வருஷத்துச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது; ஊற்றுமலை போன்ற இடங்களின் ஆதரவு நின்றது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் வந்தது. கச்சேரி வீட்டுக்கே வந்துவிட்டது. ராஜரத்தினம் பிள்ளைக்கும் காருகுறிச்சிக்கும் பின் இரவு முழுக்கக் கூட்டத்தைக் கட்டிவைக்கும் வித்வான்கள் இந்தப் பக்கத்தில் குறைந்தார்கள். சினிமாப் பாட்டு பாடும் மெல்லிசைக் குழுக்கள் திருவிழா மேடையைப் பிடித்தன. இசைத்தட்டில் உள்ளபடியே பாடினால்தான் அங்கே கைதட்டல், வேறு மாதிரிப் பாடினால் தவறு. அப்படிப்பட்ட கச்சேரியை இரண்டாம் ஊருக்குப் போய்க் கேட்க யாருக்கும் அவசியம் இல்லை. புறப்பாடும் சுருங்கி, மல்லாரி, இரண்டு கீர்த்தனை, நாலு சினிமாப் பாட்டு என்று பத்து மணிக்கு முன் முடிகிற ஊர்கள் பெருகின. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த செண்டை மேளம் இப்போது தென்காசி வட்டாரத் திருவிழாக்களில் சாதாரணமாகக் கேட்கிறது.

ஸ்பெஷல் நாடகத்துக்கு மட்டும் இன்னும் ஓரளவு பழைய மாதிரி ரசிகர்கள் உண்டு. தென் மாவட்டக் கோவில் கொடைகளில் வள்ளி திருமணம் நடக்கிறது. வள்ளியாகவும் நாரதராகவும் வருகிறவர்கள் யார் என்று பார்த்துவிட்டு இருசக்கர வண்டியில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போகிறவர்கள் இருக்கிறார்கள். தர்க்கம் தொடங்கியதும் கைபேசியை உயர்த்திப் பதிவு செய்கிறார்கள். விடிவதற்குள் அது யூடியூபில் ஏறிவிடுகிறது, அடுத்த ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைய நாடகத்துக்கு வருகிறார்கள். காருகுறிச்சி அருணாசலத்தின் வானொலி, கச்சேரிப் பதிவுகளும் அதே இடத்தில் கிடைக்கின்றன. அவருக்குக் கோவில்பட்டியில் சிலை இருக்கிறது.